அடித்தவருக்கே விழும்

மாதங்கியின் விளையாட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் ஒரு ஆளைக் கட்டிப்போட்டிருக்கும். நீங்கள் அவரை அடிக்கலாம். வெறும் கையால் அடிக்கலாம், பக்கத்தில் கிடக்கும் விறகுக்கட்டையை எடுத்து அடிக்கலாம், மனசு வந்தால் இரும்புக் கம்பியாலும் அடிக்கலாம். அவர் தடுக்க மாட்டார், கெஞ்ச மாட்டார். ஆனால் நீங்கள் கன்னத்தில் அறைந்தால் உங்கள் கன்னம் எரியும். விலாவில் குத்தினால் உங்களுக்கு மூச்சு அடைக்கும். வெற்றி கிடையாது, தோல்வி கிடையாது, பாயிண்ட் கிடையாது. போதும் என்று தோன்றினால் கண்ணில் மாட்டியிருக்கும் மெய்நிகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம்.

இதற்குப் பெயர் கலை. கலை என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை, புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம்.

மாதங்கி வெளிநாட்டில் படித்தவள். அங்கேயே சில காலம் பெரிய விளையாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்த்தாள். தலை சிதறுவதை அழகாக வரைவது அவள் பொறுப்பு. அதில் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினாள். ஒருநாள் அவளுக்கே குமட்டிவிட்டது. ஒரு விரலை அசைத்தால் நூறு பேர் சாகிறார்கள், அசைத்தவனுக்கு நகம்கூட உடைவதில்லையே என்று எரிச்சல் வந்தது. வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினாள். கலைக்கு நிதி கொடுக்கும் ஒரு அறக்கட்டளை அவளை நம்பிக் கை கொடுத்தது.

திருச்செங்கோட்டுக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு தறிக்கூடத்தை அவள் பிடித்ததற்குக் காரணம் உண்டு. விளையாடுகிறவர் போட்டுக்கொள்ளும் உடையை நெய்வதற்கு ஒரு புது நூல் வந்திருந்தது. மின்சாரம் பாய்ந்தால் தசையைப் போல் சுருண்டு, கண் இமைக்கும் நேரத்தில் தளர்ந்து விரியும் நூல். அதைத் துணியாக்கப் பெங்களூரில் பல பேர் முயன்று கைவிட்டார்கள். இங்கே பக்கத்துத் தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் தெய்வானைதான் நெய்து கொடுத்தாள். கன்னத்தையும் தாடையையும் இறுக்கும் குல்லாயும் கழுத்தில் பட்டையுமாகத் தொடங்கி முழங்கால் வரை இறங்கும் சாம்பல் நிற உடை. போட்டுக்கொண்டால் ஏதோ நோயாளியின் உடுப்பு மாதிரி இருக்கும்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து கார்களில் கதர் ஜிப்பாக்களும் பெரிய பொட்டுகளும் வந்து இறங்கின. ஒவ்வொருவரும் உள்ளே போய் இரண்டு அடி, மூன்று அடி அடித்துவிட்டு முகம் வெளிறி வெளியே வந்தார்கள். விசுவேஸ்வரன் என்ற கலை விமர்சகர் தாடையைத் தடவிக்கொண்டே மாதங்கியிடம் வந்தார்.

"என் பழைய எடிட்டர் வந்து உட்கார்ந்துட்டார் மாதங்கி. அச்சு அசல் அதே மூக்கு. எப்படி?"

"முதல்ல அந்த உருவத்துக்கு முகமே கிடையாது சார். கண்ணாடி உங்க நாடியைப் பார்க்குது. மீசை வெச்சுப் பார்க்கும், மூக்கை நீட்டிப் பார்க்கும். எதுக்கு உங்க இதயம் துள்ளுதோ அதை விடாம வெச்சுக்கும். கொஞ்ச நேரத்துல நீங்க யாரை அடிக்க ஆசைப்படறீங்களோ அவர் வந்துடுவார்."

"ஒண்ணு விட்டேன். எனக்கே தாடை கழண்டுபோச்சு. சரி போய்யான்னு மன்னிச்சுட்டேன்."

"அதுதான் சார் நான் சொல்ல வந்ததே. அடிக்கிறவனுக்கு வலிச்சா மனுஷன் கையை ஓங்க மாட்டான்."

"இது முழு வேகத்துல விழுந்ததா?"

மாதங்கி கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டினாள். "நீங்க கொடுத்ததுல அஞ்சுல ஒரு பங்குதான் திரும்ப வந்துச்சு. நூலுக்கு முழுத் தெம்பும் இருக்கு. இங்க பூட்டி வெச்சிருக்கேன். இந்தக் கோட்டை மேல தள்ளினா எலும்பு முறியும்."

"அப்படி ஒரு வசதி எதுக்கும்மா?"

"ஆபத்து நிஜமா பக்கத்துல இருந்தாத்தான் சார் இது கலை. இல்லைன்னா வெறும் பொம்மை."

விசுவேஸ்வரன் தலையாட்டினார். மறுவாரம் ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். மனித குலத்துக்கு மாதங்கி ஒரு தடுப்பூசி கண்டுபிடித்திருக்கிறாள் என்ற அளவுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த மறுநாள் தெய்வானை வந்தாள். முப்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, பஞ்சுத் தூசி படிந்த தலைமுடி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றாள்.

"நான் நெய்ஞ்ச துணிதானுங்களே மேடம், ஒருக்கா போட்டுப் பாக்கட்டுங்களா?"

மாதங்கிக்குச் சந்தோஷம். அவளே உடையை மாட்டிவிட்டு விதிகளைச் சொன்னாள். தெய்வானை கவனமாகக் கேட்டாள்.

"அடிச்சா அந்த அடி நமக்கே விழும். அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"அவுங்க எந்திரிச்சு வரமாட்டாங்க?"

"மாட்டாங்க. கட்டிப்போட்டிருக்கு."

தெய்வானை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். டேப்லெட்டில் மாதங்கி பார்த்துக்கொண்டிருந்தபோதே நாற்காலி ஆளுக்கு அடர்ந்த மீசை முளைத்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வந்தது. தெய்வானை கையை ஓங்கினாள். முதல் அறையில் அவள் தலை ஒரு பக்கம் திரும்பியது. மூன்றாவது அடியோடு நிறுத்திவிடுவாள் என்று மாதங்கி எதிர்பார்த்தாள். அவள் நிறுத்தவில்லை. வயிற்றில் குத்தினாள், மடங்கினாள், நிமிர்ந்தாள், மறுபடி குத்தினாள். தோளில், நெஞ்சில், முகத்தில் என்று நெல் அடிப்பது போல் அடித்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கடைசியில் கை சோர்ந்து தரையில் உட்கார்ந்தபோது உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது.

மாதங்கி பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினாள். "வலிக்கலையா உங்களுக்கு? ஏன் நிறுத்தலை?"

"வலிக்குதுங்க. வலிக்காம இருக்குமா?" தெய்வானை தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அடி வாங்கறது எனக்கு என்ன புதுசுங்களா? எப்பவும் சும்மா வாங்குவேன். இன்னைக்குக் குடுத்துட்டு வாங்குனேன்."

அன்றைக்கே மாதங்கி யோசித்திருக்க வேண்டும். அடித்தால் வலிக்கும் என்ற பயம் அடியே வாங்காதவர்களுக்குத்தான். வாங்கிப் பழகியவளுக்கு இது கொள்ளை லாபம். இவ்வளவு எளிய விஷயம் இத்தனை படித்தவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகும் அவள் விளையாட்டை மூடவில்லை.

தெய்வானை மறுவாரம் சம்பூர்ணம் என்பவளைக் கூட்டி வந்தாள். சம்பூர்ணம் தன் நாத்தனாரையும் ஓரகத்தியையும் கூட்டி வந்தாள். அப்புறம் யாரும் யாரையும் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை. தறி நிற்கும் நாட்களில் வாசலில் வரிசை நின்றது. இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் போர்வெல் போடும் ரிக் வண்டிகளில் வேலைக்குப் போகிறவர்கள். வண்டியோடு ஒரிசா, ஆந்திரா, ராஜஸ்தான் என்று கிளம்பினால் வருஷத்தின் பெரும்பகுதி ஊர்ப்பக்கம் வரமாட்டார்கள். மழைக்காலத்தில் வேலை ஓய்ந்து தீபாவளிக்கு வருவார்கள், கார்த்திகை பிறந்ததும் கிளம்பிவிடுவார்கள். வீட்டிலிருக்கும் அந்தக் கொஞ்ச நாளில் குடிப்பார்கள். குடித்த பிறகு நடப்பதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது தறிக்கூடத்து வரிசையில் நின்றபடி சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். உன் ஆளுக்கு இன்றைக்கு எங்கே விழுந்தது என்று விசாரித்துக்கொண்டார்கள். ஒருத்தி கட்டையை எடுத்துத் தன் முழங்காலையே வீங்கவைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"ஐயோ, பாத்து அடிங்க," என்று மாதங்கி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கலைக்கூடங்களில் அவள் பார்த்த கூட்டம் எல்லாம் கையில் ஒயின் கோப்பையோடு சுவர் ஓரமாய் நின்ற கூட்டம். இது ரத்தமும் சதையுமான கூட்டம். அறக்கட்டளைக்கு அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு பெர்லினில் ஒரு திருவிழாவுக்கு அழைப்பு வந்தது.

ஐப்பசி நெருங்கியதும் வரிசை குறைந்தது. ஆண்கள் வரும் காலம். எல்லோரும் காயம் ஆறட்டும் என்று நின்றுகொண்டார்கள். தெய்வானை மட்டும் வந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் மாதங்கியை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்?" என்று மாதங்கி கேட்டாள்.

"தீபாவளிக்கு முந்துன நாள் வண்டி வந்துருமுங்க்கா."

"அப்ப இதை நிறுத்திடுங்க தெய்வானை. உடம்பெல்லாம் கன்னிப்போயிருக்கு."

"இன்னைக்குத்தானுங்க கடைசி." தெய்வானை குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க்கா. எங்க அக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனில எனக்கு வேலை சொல்லி வெச்சிருக்கறா. தங்கறதுக்கு ஆஸ்டலும் இருக்குது. எனக்குப் புள்ளயா குட்டியா? இந்தத் தடவை அவரு வண்டி ஏறுனாருன்னா நானும் பஸ் ஏறிருவேன். அவரு திரும்பி வரங்காட்டி நான் எங்கிருக்கறேன்னு எவனுக்கும் தெரியாது."

"இப்பவே போயிடலாமே?"

"வூட்ல ஆளில்லீன்னா வந்த அன்னைக்கே தேடிட்டு வந்துருவாரு. அவரு ஒரிசா போய்ச் சேந்துட்டா தேடறதுக்கு மொதலாளி விடமாட்டாரு. இந்தக் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டாப் போதுமுங்க."

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடி விழும், அதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தாள். அவள் போடாத கணக்கு ஒன்றே ஒன்றுதான்.

தெய்வானையின் புருஷன் அர்த்தநாரி தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து இறங்கினான். ரிக்கில் துளைபோடும் குழாய்களை மாட்டும் வேலை அவனுக்கு. அந்தக் கனத்த இரும்புக் குழாய்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி மனையில் உட்கார்ந்தவன், குனிந்த தெய்வானையின் தோளில் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த கன்றலைப் பார்த்தான். முந்தானையை இழுத்து முதுகைப் பார்த்தான். விலாவைப் பார்த்தான். அவன் ஊரில் இல்லாதபோது அவன் மனைவியின் உடம்பில் அடித்த தடம் இருந்தது. அவன் அகராதியில் ஒரு பெண்ணை அடிக்கிற உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு. அப்படியானால் இன்னொருவன் இருக்கிறான். அவன் புத்தி அந்த ஒரு தடத்தில்தான் ஓடியது.

எவன் என்று கேட்டான். தெய்வானை தறியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அவள் வலது கையை அம்மிக்கல்லில் வைத்து, நூல் முடிச்சுப் போடும் இரண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி ஒடித்தான். இரண்டாவது விரலுக்கு அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அக்கம்பக்கத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்ததால் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் காலை, மாதங்கி தனியாகத் தறிக்கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி தெய்வானையின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தெய்வானையின் ஒரு கண் மூடிப்போயிருந்தது. வலது கையில் துணி சுற்றியிருந்தது. சம்பூர்ணமும் இன்னும் சிலரும் பின்னால் ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எங்க அவன்?" என்றான் அர்த்தநாரி.

"யாரு? முதல்ல அவங்களை விடுங்க."

"நாற்காலில உக்காந்திருப்பானாமே, அவன். எம்பொண்டாட்டி உடம்புல இன்னொருத்தன் கை பட்டிருக்குது. இல்லீன்னு சொல்லாத."

"யாரும் தொடலைங்க. இது ஒரு விளையாட்டு. அவங்க அடிச்சாங்க, அந்த அடி அவங்களுக்கே விழுந்துச்சு. அவங்களா பண்ணிக்கிட்டது."

அர்த்தநாரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அவளா அவள அடிச்சுக்குவாளா? எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"அந்தச் சட்டையைக் குடு. நானே உள்ள போய்ப் பாத்துக்கறேன்."

மறுத்திருக்கலாம். போலீஸுக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் மாதங்கிக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை எழுந்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. இவனுக்காகத்தானே இதைச் செய்தோம் என்று நினைத்தாள். விசுவேஸ்வரனுக்காகவா செய்தேன்? வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அடி எப்படி இருக்கும் என்று இவன் தெரிந்துகொள்ளட்டும். மூன்றாவது அடியில் கண்ணாடியைக் கழற்றுவான். அவள் உடையை எடுத்துக் கொடுத்தாள். அவன் மார்புக்கு அது இறுக்கமாக இருந்தது.

தெய்வானை சுவரோரமாக நகர்ந்து மாதங்கியின் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் டேப்லெட்டைப் பார்த்தார்கள்.

முகமில்லாத உருவம் நாற்காலியில் இருந்தது. இயந்திரம் வேலையைத் தொடங்கியது. மீசை வைத்துப் பார்த்தது, அர்த்தநாரியின் நாடி அசையவில்லை, மீசையை எடுத்துவிட்டது. தலைமுடியை நீட்டியது, நாடி துள்ளியது. கன்னத்தை ஒடுக்கியது. மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்றை வைத்தது. எவனோ ஒருவனைத் தேடி உள்ளே போனவனுக்கு முன்னால் தெய்வானை கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதைப் பார்த்ததும் அவன் கண்ணாடியைக் கழற்றிவிடுவான் என்று மாதங்கி நம்பினாள். அர்த்தநாரி நாற்காலியை நெருங்கினான்.

"நீயே வந்து உக்காந்திருக்கறயா," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தில் குத்தினான்.

அவன் தலை பின்னால் போயிற்று. மூக்கைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தம். அப்புறம் நடந்தது எந்த விமர்சகனும் எழுதாதது. அவன் பயப்படவில்லை. அவன் கண்முன் இருந்தவள் மனைவி, அடி வந்து விழுந்தது அவன் முகத்தில். அவனைப் பொறுத்தவரை அவள் திருப்பி அடிக்கிறாள்.

"கை நீட்டறயா? எங்கிட்டயே கை நீட்டறயா?"

வயிற்றில் உதைத்தான், தானே மடங்கி விழுந்தான், வெறி தலைக்கேறி எழுந்தான். ஒவ்வொரு அடியும் அவன் மேல் விழ விழ அடுத்த அடியின் வேகம் கூடியது. திரையில் தெய்வானையின் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. பல் உடைந்து கீழே விழுந்தது. வெடித்த கன்னத்தின் தோலைக்கூட மாதங்கி ஒரு காலத்தில் தன் கையால்தான் வரைந்திருந்தாள். நிஜத் தெய்வானை ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடி விழும்போதெல்லாம் அவள் உடம்பு தானாக ஒடுங்கியது.

அர்த்தநாரி விறகுக்கட்டையை எடுத்தான். தோளில் இறக்கினான், அவன் தோளும் தொங்கியது. கட்டையைப் போட்டுவிட்டு இரும்புக் கம்பியை எடுத்தான். நாற்காலியின் பின்பக்கம் போனான். குனிந்திருந்த அவள் பிடரியைப் பார்த்துக் கம்பியை இரண்டு கையாலும் உயர்த்தினான்.

"நிறுத்துங்க்கா," என்றாள் தெய்வானை. "நிறுத்திருங்க."

நிறுத்தும் பொத்தான் டேப்லெட்டின் கீழ் மூலையில் இருந்தது. அடியின் வேகத்தைக் கட்டிவைத்திருந்த பூட்டுக் கோடு அதற்கு மேலே இருந்தது. மாதங்கிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பக்கத்தில் நிற்கிறவளின் மூடிப்போன கண்ணைப் பார்த்தாள். துணி சுற்றிய கையைப் பார்த்தாள். இப்படி அடி வாங்கியும் இவனுக்காக இரக்கப்படுகிறாளே என்று தோன்றியது. இவன் இருக்கிற வரைக்கும் இவள் எங்கே போனாலும் விடமாட்டான் என்றும் தோன்றியது.

"அக்கா, நிறுத்துங்கன்னா."

மாதங்கி விரலை வைத்துக் கோட்டை மேலே உச்சிவரை தள்ளினாள்.

கம்பி இறங்கியது. காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அர்த்தநாரி முழங்கால் மடங்காமல் முகம் குப்புற அப்படியே விழுந்தான். கண்ணாடி உடைந்து சில்லுகள் சிதறின. வாசலில் நின்ற பெண்களில் யாரும் உள்ளே வரவில்லை. மாதங்கி கோட்டைக் கீழே இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவள் விரல் மேலே போனதையும் கீழே வந்ததையும் தெய்வானை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் உடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானும் வேறொரு கண்ணாடியோடு ஒருமுறை போட்டு ஒரு அடி அடித்துப் பார்த்தார். இவ்வளவு லேசாகத்தானே விழுகிறது என்று குழம்பினார்.

"அவனாப் போட்டுக்கிட்டான், அவனா அடிச்சுக்கிட்டான். சாட்சிக்கு இத்தனை பொம்பளைங்க. இதுல நான் யார் மேலம்மா கேஸ் போடறது?" என்றார்.

தெய்வானையிடமும் கேட்டார். அவள் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. தறிக்கூடம் பூட்டப்பட்டது. பெர்லின்காரர்கள் அழைப்பைத் திரும்பப் பெறுவார்கள் என்று மாதங்கி நினைத்தாள். அவர்கள் இன்னும் பெரிய கூடம் ஒதுக்கியிருப்பதாக எழுதினார்கள்.

கார்த்திகை பிறந்து ரிக் வண்டிகள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கிளம்பிப் போய்விட்டன. மாதங்கிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெய்வானை இந்நேரம் திருப்பூரில் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உறுதி செய்துகொள்ள சம்பூர்ணத்துக்குப் போன் செய்தாள். அவ எங்கீங்க போவா, வூட்லதான் இருக்கறா என்றாள் சம்பூர்ணம். மாதங்கி பழக்கடையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. டெட்டால் நாற்றமும் மூத்திர நாற்றமும் கலந்து வந்தன. ஒற்றை அறையின் பாதியை ஒரு இரும்புக் கட்டில் அடைத்திருந்தது. அர்த்தநாரி அதில் கிடந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. கழுத்துக்கு மேலே எல்லாம் நன்றாக இருந்தது. கண் சுழன்றது. வாய் பேசியது.

"ஏய், எவடி அது? எவன் அனுப்பி வெச்சிருக்கறான்னு கேளுடி, தேவடியா."

"வாங்க மேடம்," என்றாள் தெய்வானை. பழைய மேடம். அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன. அந்தக் கையாலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மாதங்கி உட்காரவில்லை. "நீங்க திருப்பூர் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எங்க அக்கா போன் பண்ணுனா. அந்த எடத்துக்கு வேற ஆளு எடுத்துக்கிட்டாங்களாம்."

"வேற வேலை பார்க்கலாம் தெய்வானை. நான் பார்த்துத் தர்றேன். இவரை ஏதாவது ஒரு இல்லத்துல சேர்த்துடலாம். நீங்க கிளம்புங்க."

"நடக்கற மனுசன விட்டுட்டுப் போலாமுங்க. அவன் சோத்துக்கு அவன் வழி பாத்துக்குவான். படுத்துக் கெடக்கறவன விட்டுட்டு எப்படிங்க போறது? ஊரு பேசறது கெடக்கட்டும், எனக்குச் சோறு எறங்குமா?"

கட்டிலிலிருந்து மறுபடி ஏய் என்று சத்தம் வந்தது. தெய்வானை போய் அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். துடைக்கும்போது அவன் அவள் பிறந்த வீட்டைத் திட்டினான். அவள் துடைத்து முடித்துத் துணியை அலசிப் போட்டுவிட்டு வந்தாள்.

"நான்தான்," என்றாள் மாதங்கி. "அன்னைக்கு நான்தான் அதை… உங்களைக் காப்பாத்தணும்னுதான். நீங்க அவர் மேல இரக்கப்பட்டு நிறுத்தச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"தெரியுங்க, பாத்தேன்." தெய்வானை குரலை உயர்த்தவில்லை. "அவனுக்காக ஒண்ணும் நிறுத்தச் சொல்லலீங்க மேடம். எனக்காகத்தான் சொன்னேன். மருந்து, ஆஸ்பத்திரின்னா அது எந்தலைலதான விடியும்? வருசத்துல ஒரு மாசம் வூட்ல இருந்துட்டு இருந்தாரு. இப்பப் பன்னண்டு மாசமும் இருக்கறாரு."

மாதங்கி ஆப்பிள் பையை மறு கைக்கு மாற்றினாள்.

"அங்க வந்து நாங்க அடிச்சதெல்லாம் எங்க மேலயே விழுந்துச்சு. அது நாயமுங்க, ஒத்துக்கிட்டுத்தான் அடிச்சோம். நீங்க அடிச்சது எம்மேல விழுந்திருக்குதுங்க மேடம். உங்களுக்கு எங்கியும் ஒண்ணும் ஆவலியே?"

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மாதங்கி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒரு கீறல்கூட இல்லை.

"சரி, வந்ததே வந்தீங்க," என்று தெய்வானை சேலையை இடுப்பில் செருகினாள். "திருப்பிப் போடோணும், இல்லீன்னா முதுகு புண்ணாயிருது. ஒத்தை ஆளா முடியறதில்ல. அந்தக் காலைப் புடிங்க."

மாதங்கி பையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். அர்த்தநாரி அவளை அடையாளம் கண்டுகொண்டான். கண் விரிந்தது, வாயில் எச்சில் கூட்டி அவளைப் பார்த்துத் துப்பினான். அது அவன் மோவாயிலேயே விழுந்து வழிந்தது. அவள் அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள். சில்லென்று இருந்தன, நம்ப முடியாத கனம்.

"இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க," என்றாள் தெய்வானை. "நாளைக்கும் இந்நேரத்துக்குத் திருப்போணும். வந்துருங்க."